காதர் பாயின் கையும் ஓர் ஆங்கிலேயனின் புருவமும்

என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி இப்போது சேலத்தில் ஒரு ஸ்கேன் மையத்தில் இருக்கிறாள். சென்ற மாதம் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா, புது கம்ப்யூட்டர்ல எந்தக் கட்டத்தையும் காலியா விட முடியலை. என்ன தொழில், முன்னாடி எங்க அடிபட்டுச்சு, எல்லாத்துக்கும் ஏதாவது அடிச்சாத்தான் அடுத்த பக்கம் வருது. தெரியாதவங்களுக்கு நான் 'கூலி'ன்னு அடிச்சுடறேன்" என்றாள். "தெரியவில்லை என்று அடி" என்றேன். "அது நல்லா இருக்காதேக்கா" என்றாள். அவளுக்குச் சொல்லும் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் எக்ஸ்ரே படம் எடுக்கும் ரேடியோகிராஃபர் பயிற்சி முடித்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அங்கே கற்றதை மூன்று வரியில் சொல்லிவிடலாம். இடது வலது குறிக்காமல் படம் எடுக்காதே. பெயரும் எண்ணும் இல்லாத ஃபிலிமைக் கையில் வாங்காதே. பதிவேட்டில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே. முதல் இரண்டும் வேலைக்காலம் முழுவதும் என்னைக் காப்பாற்றின. மூன்றாவது என்ன செய்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரி மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊர் மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்தது. ஊர்ப் பெயரை எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். புளியமரத்திலிருந்து விழுந்தவர்கள், மாடு முட்டியவர்கள், வரப்புத் தகராறில் தடியடி பட்டவர்கள் என்று தினமும் பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுக்க வேண்டியிருந்தது. படம் எடுப்பது நான். அதை டார்க் ரூமில் கழுவுவது காதர் பாய்.

அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். உலகப்போர் நேரத்தில் ராணுவத்தில் சேர்ந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று, பிறகு மருத்துவமனை உத்தியோகத்துக்கு வந்தவர். ஊரில் அவருக்கு 'பாக்சர் பாய்' என்று பெயர். போர்க்காலத்தில் பெங்களூரில் இருந்தபோது, பத்திரிகைகளில் பெயர் அடிபட்ட ஓர் ஆங்கிலேயக் குத்துச்சண்டைக்காரன் படையில் சேர்ந்து அங்கே வந்திருந்தான் என்றும், அவன் எதிரில் தாம் மூன்று ரவுண்டு நின்று இரண்டே புள்ளியில் தோற்றதாகவும் சொல்வார். ஃபிலிமை டெவலப்பர் கரைசலில் இறக்கினால் அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. "ஒரு ரவுண்டு ஆவட்டுங்க, எக்ஸ்ரேம்மா" என்பார். ஒரு ரவுண்டு என்றால் மூன்று நிமிடம். நான் சிவப்பு விளக்கின் கீழ் கைக்கடிகாரத்தைப் பிடித்துச் சரிபார்ப்பேன். ஐந்து வினாடிக்கு மேல் அவர் தவறியதில்லை.

எங்கள் மேலதிகாரி டாக்டர் ராகவன். இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலை நகரத்து மருத்துவமனையில் சில வருடங்கள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அவர் ஃபிலிம் பார்க்கும் முறையைப் போல இன்னொருவரிடம் நான் பார்த்ததில்லை. வார்டு சுற்றி முடித்து நண்பகலில் வருவார். ஃபிலிமை, பின்னால் விளக்கு எரியும் வியூ பாக்ஸில் நானே மாட்ட வேண்டும். பெயர் இருக்கும் மூலையை இடது உள்ளங்கையால் மறைத்துக்கொள்வார். நோயாளி யார், என்ன நடந்தது என்று நான் வாய் திறந்தால், "கதை அப்புறம்" என்பார். முதலில் இடது வலது எழுத்து. பிறகு சதையின் நிழல். பிறகு எலும்பின் ஓரம், மேலிருந்து கீழாக, ஓர் இடம் விடாமல். கடைசியில்தான் கையை எடுத்துப் பெயரைப் படிப்பார். "பேரு தெரிஞ்சா கண்ணு தேட ஆரம்பிச்சுடும். தேடினா கிடைச்சுடும்" என்று ஒருமுறை சொன்னார். குரல் உயர்த்தியதே இல்லை. கோபம் வந்தால் பேனா மூடியைத் திருகித் திருகித் திறப்பார், அவ்வளவுதான்.

அவருக்கு லண்டனிலிருந்து விளையாட்டுப் பத்திரிகை ஒன்று கப்பலில் இரண்டு மாதம் தாமதமாக வரும். அது வந்த நாளில் எக்ஸ்ரே அறையில் விவாதம் நடக்கும். பிரிட்டிஷ் குத்துச்சண்டைக்காரர்கள் தகுதிக்கு மீறிப் புகழப்பட்டவர்களா, தகுதிக்குக் குறைவாக மதிக்கப்பட்டவர்களா என்பதுதான் விவாதம்.

"காதர், உங்க ஆளு மறுபடியும் படுத்துட்டான்" என்று டாக்டர் ஆரம்பிப்பார்.

"எங்க ஆளா? அவன் என்ன எனக்கு மச்சானுங்களா சார்? எத்தனாவது ரவுண்டுல?"

"ஆறாவது. புருவம் கிழிஞ்சு நடுவர் நிறுத்திட்டார்."

"அப்பிடின்னா அவன் தோக்கலீங்க. புருவந்தான் தோத்துருக்குது."

பாதி விளங்காவிட்டாலும் இருவர் சொன்னதையும் நான் ஒரு பழைய ஃபிலிம் உறையின் பின்னால் இரண்டு பத்தியாக எழுதி வைத்தேன். டாக்டரின் பத்தி: சொந்த நாட்டில் ஜெயிக்கிறார்கள், கடல் தாண்டினால் தோற்கிறார்கள், தோல்வியையும் வீரம் என்று அவர்கள் பத்திரிகைகள் கொண்டாடுகின்றன, யாரோடு மோதி ஜெயித்தான் என்று யாரும் கேட்பதில்லை. பாயின் பத்தி: இடது கையை நேராக நீட்டி எதிராளியைத் தள்ளியே வைக்கும் வேலை வேடிக்கை பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது, பெரிய உடம்புக்காரர்களையே எல்லோரும் பார்க்கிறார்கள், அவர்களுடைய மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் ஐம்பது கிலோ எடையில் இருக்கிறார்கள், ரத்தம் கண்ணில் இறங்கும்போது தலையை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பது ஒரு வித்தை, ஒரு நிமிட இடைவேளையில் மூச்சு எப்படித் திரும்புகிறது என்று பார்த்தால் ஆளின் தரம் தெரியும்.

டாக்டர் விளையாட்டாகத்தான் பேசினார். பாய் அப்படிப் பேசவில்லை. டாக்டர் ஒரு புள்ளியை ஒப்புக்கொண்டால் அன்று முழுக்க அவர் முகம் தெளிவாக இருக்கும். "சரி, அவனும் காகிதத்து வீரன்தான்" என்று டாக்டர் முடித்துவிட்டால், ஹேங்கரில் ஃபிலிமை மாட்டும்போது கிளிப்பைப் பட்டென்று அடிப்பார். அதை நான் ஆங்கிலேயனிடம் தோற்றவரின் ரோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை. லாரி வைத்திருக்கும் மாதேசன் என்பவர் மருத்துவமனைக்கு எதிரே டீக்கடையில் செய்தித்தாளைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அங்கே இல்லை. கடைக்காரர் சொன்னதும் பாய் சொன்னதும் ஒன்றுபோலவே இருந்ததால் எழுதுகிறேன்.

"பாய், இங்கிலீஷ்காரனுங்க பேப்பர்லதான் சூரனுங்க போல. அப்பிடிப்பட்டவங்கிட்டயே தோத்துட்டு வந்தீங்களே, அத எந்தக் கணக்குல சேத்தறது?"

"டீயக் குடிப்பா. ஆறிப்போவுது."

"மூணு ரவுண்டு நின்னீங்களா, இல்ல மூணு ரவுண்டும் படுத்துக் கெடந்தீங்களா? பாத்தவன் ஒருத்தனக் காட்டுங்க. கேட்டா எல்லாம் செத்துட்டானுங்கம்பீங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பாய் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஒரே அடி அடித்தார். மாதேசனின் தாடை உடைந்தது.

மாதேசனைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார்கள். கூடவே காவல் நிலையத்திலிருந்து ஏட்டு குறிப்புச் சீட்டோடு வந்தார். தாடைக்குப் படம் எடுத்தேன். பாய் ஏட்டிடம் போய், "நாந்தாங்க அடிச்சேன்" என்றார். அவர் வலது கை வீங்கியிருந்தது. அவருக்கும் காயச் சான்று வேண்டும் என்றார் ஏட்டு. எனவே அதே காலையில் அடி வாங்கிய தாடையையும் அடித்த கையையும் நானே படம் எடுத்தேன். இரண்டையும் டார்க் ரூமில் நானே கழுவினேன். பாய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

போலீஸ் வழக்குகளுக்குத் தனிப் பதிவேடு இருந்தது. அதில் ஒரு கட்டம், 'தொழில் மற்றும் முன் விவரம்'. பாயின் வரியில் மற்ற எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். அது மட்டும் வெள்ளையாக இருந்தது. 'மருத்துவமனை ஊழியர். முன்னாள் ராணுவக் குத்துச்சண்டை வீரர்' என்று தெளிவான கையெழுத்தில் எழுதினேன். ஏட்டு அதைத் தம் நோட்டில் அப்படியே பிரதி எடுத்துக்கொண்டு போனார்.

நண்பகலில் டாக்டர் வந்தார். காலையில் அவர் அறுவைச் சிகிச்சையில் இருந்ததால் எதுவும் தெரியாது. வழக்கம்போல உள்ளங்கையால் மூலையை மறைத்துக்கொண்டார். தாடையைப் பார்த்து, "இடது பக்கம், சுத்தமான முறிவு" என்றார். அடுத்து கை. கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சுண்டுவிரலுக்கு நேரா, உள்ளங்கை எலும்பு, முட்டிக்குக் கீழ கழுத்து மாதிரி இருக்கிற இடத்துல முறிஞ்சிருக்கு. இதுக்குப் புத்தகத்துல பாக்சர் முறிவுன்னு பேரு. பேரு வச்சவன் பாக்சிங் பார்த்திருக்க மாட்டான். பழகினவன் ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டியிலதான் அடிப்பான். கோபத்துல கையை வீசினவனுக்குத்தான் பெரும்பாலும் இங்க முறியும். பழைய முறிவும் ஒண்ணும் இல்ல. இந்த ஆளு வாழ்க்கையில ஒழுங்கா ஒரு குத்து விட்டதில்ல."

கையை எடுத்தார். பெயரைப் படித்தார்.

வியூ பாக்ஸ் விளக்கை அணைத்துவிட்டு, "வெளியே இருக்காரா?" என்று கேட்டார். "இருக்கிறார் சார்" என்றேன். பதிவேட்டைக் கேட்டு வாங்கி என் வரியைப் படித்தார். பேனா மூடியைத் திருகினார்.

"இதை யார் எழுதச் சொன்னாங்க?"

"கட்டம் காலியா இருந்துச்சு சார்."

"காலியா இருந்தா காலியா இருக்கட்டுமே, கமலா."

அன்று வரை அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. போலீஸ் பதிவேட்டில் அடிக்கவும் கூடாது, அழிக்கவும் கூடாது. ஏட்டு பிரதியும் எடுத்துவிட்டார். டாக்டர் தம் அறிக்கையில் எலும்பைப் பற்றி மட்டும் எழுதினார்.

அந்த வரி என்ன செய்யும் என்பது இரண்டு வாரத்தில் தெரிந்தது. பாயின் வக்கீல் வந்து விளக்கினார். சாதாரண ஆள் கோபத்தில் ஓர் அடி அடித்துத் தாடை உடைந்தால், அவ்வளவு பெரிய காயம் ஆகும் என்று தெரியாமல் அடித்தார் என்று வாதாடலாம், அபராதத்தோடு போகும். பயிற்சி பெற்ற குத்துச்சண்டைக்காரர் என்றால், தம் கை என்ன செய்யும் என்று தெரிந்தே அடித்தவர் ஆகிறார். அதற்குச் சிறை. சிறை என்றால் உத்தியோகமும் போகும். பாய் வீட்டில் மனைவியும் கல்யாணமாகாத இரண்டு பெண்களும் இருந்தார்கள். அவர் குத்துச்சண்டைக்காரர் என்பதற்குப் போலீஸ் தரப்பில் இருந்த எழுத்துச் சாட்சியம் என் வரி ஒன்றுதான்.

அன்று வீட்டுக்குப் போய் அந்த ஃபிலிம் உறையை எடுத்துப் பார்த்தேன். பாயின் பத்தியை மறுபடி படித்தேன். ரத்தம், புருவம், மூச்சு, சாய்ந்த தலை, ஒரு நிமிட இடைவேளை எல்லாம் இருந்தன. அடி வாங்கினால் எப்படி வலிக்கும் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அடித்தால் கை என்ன ஆகும் என்றும் இல்லை.

மறுநாள் டார்க் ரூமில் கேட்டேன். கட்டுப்போட்ட கையோடு, இடது கையால் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"பாய், நீங்க ரிங்ல ஏறியிருக்கீங்களா?"

தொட்டியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"ஏறுனதில்லீங்க. வாளி தூக்குனவன் நானு. தண்ணி, பஞ்சு, துண்டு, ஸ்டூலு. நம்ம பட்டாளத்து டீமுக்கு அதான் என் வேலை."

"அப்ப அந்த மூணு ரவுண்டு?"

"நின்னவன் சின்னசாமி. ஏரியூர்க்காரன். ஒண்ணாச் சேந்தோம் பட்டாளத்துல. அன்னிக்கு அந்த வெள்ளக்காரனோட கையாளுக்குக் காச்சலு. மேஜரு என்னயப் பாத்து, நீ போயி அவன் மூலையில வாளியோட நில்லுன்னுட்டாரு. ரெண்டாவது ரவுண்டுல சின்னசாமி அவன் புருவத்தக் கிழிச்சுட்டான். ரத்தம் நிக்கலீன்னா ஆட்டத்த நிறுத்திருவாங்க, சின்னசாமி செயிச்சவன். நான் பஞ்சுல மருந்து தொட்டு அமுக்கினேன், மேல வேசலின் வச்சேன். சுத்தமா நின்னு போச்சுங்க. மூணாவது ரவுண்டுல வெள்ளக்காரன் ரெண்டு புள்ளி கூட எடுத்துட்டான்."

"உங்க வேலையைத்தானே செஞ்சீங்க?"

"அதத்தான் சின்னசாமியும் சொன்னான். தோள்ல கையப் போட்டுச் சிரிச்சான். மறு வருசம் பர்மாவுல போயிட்டான்." தொட்டியைக் கலக்குவதை நிறுத்தினார். "அந்த வெள்ளக்காரன் நெசமாலுமே பெரிய ஆட்டக்காரன்னா, நான் அடைச்சாலும் அடைக்காட்டியும் சின்னசாமி தோத்துத்தான் இருப்பான். எம் மேல ஒண்ணுமில்ல. அவன் சும்மா பேரு வாங்குனவன்னா, செயிக்க வேண்டியவன நாந்தானுங்க தோக்கடிச்சது. அதுக்குத்தான் டாக்டர் சார்கிட்ட அந்த மல்லுக்கட்டு."

"அப்ப ஏன் நீங்க நின்னதா சொன்னீங்க?"

"மொதல்ல அவன் கதையாத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன். செத்தவன் கதைய எவன் கேக்கறான்? நான்னு சொன்னப்ப கேட்டாங்க. அப்பிடியே நின்னு போச்சு." என் பக்கம் திரும்பினார். இருட்டில் முகம் தெரியவில்லை. "நீங்க எழுதுனது இருக்கட்டும், எக்ஸ்ரேம்மா. கோர்ட்டுல மாத்திச் சொல்லாதீங்க. நான் நின்னதில்லேன்னு ஆயிட்டா, அவன் நின்னதும் இல்லேன்னு ஆயிரும்."

வேலை, பென்ஷன், இரண்டு பெண்கள் என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்களா?" என்றார்.

வழக்கு வந்தது. நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். பின் வரிசையில் டீக்கடைக் கூட்டம் முழுவதும் இருந்தது. தாடை கூடிவிட்ட மாதேசன் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஃபிலிம்களை அடையாளம் காட்டினேன். அரசுத் தரப்பு வக்கீல் பதிவேட்டைக் கொடுத்து என் வரியைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். என் கையெழுத்துதான் என்றேன்.

பாயின் வக்கீல் எழுந்தார். "எதிரி காதர் குத்துச்சண்டை போட்டதை நீங்கள் பார்த்ததுண்டா?"

"பார்த்ததில்லை. கேள்விப்பட்டதை எழுதினேன். கட்டம் காலியாக இருந்தது. அது என் தவறு."

இதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் இன்னொன்று கேட்டார்.

"தாம் குத்துச்சண்டை வீரர் என்று எதிரியே உங்களிடம் சொன்னாரா?"

பாயைப் பார்த்தேன். மிக லேசாகத் தலையை அசைத்தார். வேண்டாம் என்று. சத்தியம் செய்துவிட்டு நின்றேன் என்பது ஒரு காரணம். அவருடைய இரண்டு பெண்கள் இன்னொரு காரணம். ஆனால் இத்தனை வருடம் கழித்து எண்ணிப் பார்த்தால் மூன்றாவதும் ஒன்று இருந்தது. நான் செய்த பிழையை நானே சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரம்.

"முதலில் அப்படிச் சொன்னார். பிறகு, தாம் ரிங்கில் ஏறியதே இல்லை, தண்ணீர் வாளி தூக்கியவர் என்று சொன்னார்."

முதலில் சிரித்தவர் மாதேசன். பிறகு பின் வரிசை. மாஜிஸ்திரேட் மேசையைத் தட்ட வேண்டியிருந்தது. சின்னசாமியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல எனக்கு இடமும் இல்லை.

டாக்டர் ராகவன் எலும்பைப் பற்றிச் சாட்சி சொன்னார். ஒரு படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, பெரும்பாலும் பழகாதவருக்கு இங்கே முறியும் என்று, கூட்டியும் குறைத்தும் சொல்லாமல் சொன்னார். பாய்க்கு அபராதம் மட்டும் விதித்தார்கள். துறையில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து வேலையில் வைத்துக்கொண்டார்கள்.

அவர் திரும்பி வந்தார். ஒரு நாள்கூட என்னைக் கடிந்து பேசவில்லை. மரியாதை குறையவில்லை. "ஃபிலிம் காஞ்சிருச்சுங்க", "ஃபிக்சர் மாத்தணுங்க" என்று வேலைக்கு வேண்டிய அளவு பேசினார். டெவலப்பரில் ஃபிலிமை இறக்கினால் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். டீக்கடைப் பக்கம் போவதில்லை. ஊரில் 'பாக்சர் பாய்' போய், கொஞ்ச காலம் 'வாளி பாய்' என்றார்கள். பிறகு அதையும் விட்டுவிட்டார்கள்.

மனம் பொறுக்காமல் நான் டாக்டரிடம் சின்னசாமியைப் பற்றியும் புருவத்தைப் பற்றியும் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதும் கேட்டார். அடுத்த முறை லண்டன் பத்திரிகை வந்ததும், பல மாதங்களுக்குப் பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு டார்க் ரூம் வாசலில் வந்து நின்றார்.

"காதர், நான் யோசிச்சுப் பார்த்தேன். இத்தனை நாள் நான் வாதாடினது தப்பு. அந்த ஆளுங்களை நாமதான் குறைச்சு மதிச்சிருக்கோம். முக்கியமா, போர்க்காலத்துல பெங்களூர் வந்தானே, அவன். நெசமாவே பெரிய ஆட்டக்காரன். அவனை அன்னிக்கு யாராலும் ஜெயிச்சிருக்க முடியாது."

பாய் கையிலிருந்த ஃபிலிமைக் கம்பியில் மாட்டினார். அதன் கீழ் ஓரத்தில் சொட்டிய தண்ணீரை விரலால் வழித்துவிட்டார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, டாக்டரை ஏறிட்டுப் பார்த்தார்.

"இல்லீங்க சார்" என்றார். "நீங்க மொதல்ல சொன்னதுதான் சரி."